கருமையும் பெருமையும்

ஓரினத்தைத் தாழ்த்தி வைப்பதற்கு விலங்கும் சவுக்கும் மட்டுமே வேண்டும் என்பதில்லை. ஒரு விளிச்சொல் போதும். ஒரு பாடநூல் போதும். குழந்தை மடியில் வைத்து விளையாடும் ஒரு பொம்மையும் போதும். விலங்கு உடலைக் கட்டும். இவை உள்ளத்தைக் கட்டும். உடலைக் கட்டிய விலங்கை ஒரு சட்டம் தறித்துவிடலாம். உள்ளத்தைக் கட்டியதைத் தறிக்கத் தலைமுறைகள் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் கறுப்பின மக்களின் வரலாறு இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாகும்.

அந்நாட்டில் அடிமை முறை 1865ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் 1896ஆம் ஆண்டில் பிளெசி வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வெள்ளையரையும் கறுப்பரையும் இரயில் வண்டியில் தனித்தனியே அமர்த்துவது சட்டத்திற்கு முரணானதன்று எனக் கூறிவிட்டது. 'பிரித்து வைப்பினும் சமமே' என்னும் அக்கொள்கை இரயிலோடு நிற்கவில்லை. பள்ளி, பேருந்து, உணவகம், மருத்துவமனை, குடிநீர்க் குழாய், இடுகாடு என வாழ்வின் எல்லா மூலைகளிலும் புகுந்தது. பிரிவினை இருந்தது, சமம் மட்டும் இல்லை.

விளிச்சொல்லில் ஒளிந்திருந்த இழிவு

பெருங்கொடுமைகளை வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. அன்றாடச் சிறுமைகளோ பெரும்பாலும் பதிவாவதில்லை. தென் மாநிலங்களில் நரைத்த தலையுடைய கறுப்பின முதியவரை வெள்ளைச் சிறுவனும் 'பையா' என்றே அழைப்பான். மணமான பெண்டிரையும் வெறும் பெயர் சொல்லியே அழைப்பர். 'திரு', 'திருமதி' என்னும் அடைமொழிகள் வெள்ளையர்க்கே உரியவை என்பது எழுதாத சட்டமாக இருந்தது. 'அவன்' என்பதற்கும் 'அவர்' என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு ஓரெழுத்துத்தான். ஆயினும் அவ்வோரெழுத்தில் ஒரு மனிதனின் மதிப்பே அடங்கியிருப்பதைத் தமிழறிந்தோர் நன்கறிவர். ஆதலின் அவ்விழிவின் கனத்தை உணர்வது தமிழ் மாணவர்க்குக் கடினமன்று.

1963ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்தின் கேட்ஸ்டன் நகர நீதிமன்றத்தில் மேரி ஹாமில்டன் என்னும் இளம்பெண் சாட்சிக் கூண்டில் நின்றார். அவர் இனச் சமத்துவத்திற்காகத் தொண்டாற்றிய ஓர் இயக்கத்தின் களப்பணியாளர். அரசு வழக்கறிஞர் அவரை 'மேரி' என விளித்து வினாத் தொடுத்தார். வெள்ளையினப் பெண் ஒருவர் அங்கு நின்றிருப்பின் 'செல்வி' என்னும் அடைமொழியின்றி அழைத்திருக்கமாட்டார். தம்மை 'செல்வி ஹாமில்டன்' என்று அழைத்தாலன்றி விடையிறுக்க இயலாது என அப்பெண் உறுதியாக நின்றார். நீதிமன்றத்தை அவமதித்ததாகக் கூறி 5 நாள் சிறையும் 50 வெள்ளி தண்டமும் விதித்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1964ஆம் ஆண்டில் அத்தண்டனை தள்ளுபடியாயிற்று.

சிறை புகுவதற்கு ஒரு விளிச்சொல் போதுமான காரணமா என்று கேட்பார் இருக்கலாம். நாள்தோறும் நூறு முறை குத்தும் முள்ளின் வலியை, அதனைக் காலில் சுமந்தவரே அறிவர். 1968ஆம் ஆண்டில் மெம்பிஸ் நகரில் குப்பை அள்ளும் வண்டியின் அரைவைப் பொறியில் சிக்கித் தொழிலாளர் இருவர் மாண்டனர். அதன்பின் ஏறத்தாழ 1,300 கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வும் பாதுகாப்பும் சங்க உரிமையும் அவர்தம் கோரிக்கைகள். ஆயினும் அவர்கள் ஏந்திய அட்டைகளில் ஊதியக் கணக்கு இல்லை. தாம் மனிதர் என்னும் ஒற்றை வாக்கியமே இருந்தது. 'பையா' எனக் காலமெல்லாம் அழைக்கப்பட்டவர்கள் அளித்த மறுமொழி அது. அவர்களுக்குத் துணைநிற்கச் சென்ற மார்ட்டின் லூதர் கிங் அந்நகரிலேயே ஏப்ரல் 4ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஏட்டில் இல்லாத இனம்

அடிமைக் காலத்தில் கறுப்பருக்கு எழுத்து மறுக்கப்பட்டது. தென் கரோலினா 1740ஆம் ஆண்டிலேயே அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அடிமை முறை ஒழிந்தபின் எழுத்து கிட்டியது; ஆனால் அவ்வெழுத்தில் அவர்கள் இல்லை. பாடநூல்களில் ஆப்பிரிக்கா இருண்ட நிலமாகவும், கறுப்பர் பிறர் ஏவல் கேட்கப் பிறந்தவராகவும் காட்டப்பட்டனர். கறுப்பினத்தார்க்கு வரலாறே இல்லை என்பது கற்றோர் பலரிடையேயும் நிலவிய கருத்து. அக்கருத்தை எதிர்த்துத் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்ட ஆசிரியர் ஒருவர் உண்டு. அவர் கார்ட்டர் உட்சன்.

உட்சன் 1875ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். தந்தையும் தாயும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். வறுமையின் காரணமாக இளமையிலேயே மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சென்றார். அங்கு ஆலிவர் ஜோன்ஸ் என்னும் தொழிலாளர் இருந்தார். உள்நாட்டுப் போரில் படைவீரராகப் பணியாற்றிய அவருக்குப் படிக்கத் தெரியாது. எனினும் அவர் இல்லத்தில் நூல்களும் நாளேடுகளும் குவிந்திருந்தன. மாலை வேளைகளில் சுரங்கத் தொழிலாளர் அங்கே கூடுவர்; உட்சன் உரக்கப் படித்துக் காட்டுவார். படித்து முடித்ததும் முதியவர்கள் தாம் கண்ட போரையும் பட்ட பாட்டையும் எடுத்துரைப்பர். எந்த நூலிலும் இல்லாத ஒரு வரலாறு கரித்தூசி படிந்த அம்மனிதரின் நாவில் வாழ்ந்துகொண்டிருப்பதை அவ்விளைஞர் கண்டார். பிற்காலத்தில் அவர் எழுப்பிய மாளிகைக்கு அதுவே கடைக்கால்.

ஏறத்தாழ 20ஆம் வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த அவர் இரண்டே ஆண்டுகளில் படிப்பை முடித்தார். ஆசிரியரானார். 1903 முதல் 1907 வரை பிலிப்பைன்ஸ் தீவுகளில் பணியாற்றினார். அங்கு அவர் கண்ட ஒரு செய்தி ஆசிரியர் அனைவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது. அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியர்கள் அமெரிக்க நூல்களையே அப்படியே கற்பித்தனர். ஆப்பிள் மரத்தைக் கண்ணாலும் கண்டிராத பிள்ளைகள் ஆப்பிள் மரத்தைப் பற்றிப் பாடினர். ஆசிரியப் பயிற்சியே பெறாத ஒருவர் மட்டும், அப்பிள்ளைகள் நாள்தோறும் ஏறி விளையாடும் லோம்பாய் மரத்தைப் பாட்டில் அமைத்துப் பாடச் செய்தார். லோம்பாய் என்பது வேறொன்றுமன்று. நம் நாவல் மரமே. அயல்நாட்டுத் தலைவரின் கதைக்கு மாற்றாக அம்மண்ணின் மைந்தர் ஹோசே ரிசாலின் வாழ்வையும் அவர் கற்பித்தார். பிள்ளைகளின் கண்கள் ஒளிர்ந்தன, கல்வி வேர்கொண்டது. உட்சன் இதனை மறக்கவே இல்லை. 1933ஆம் ஆண்டில் கறுப்பினத்தாரின் தவறான கல்வியைப் பற்றித் தாம் எழுதிய நூலில் இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டினார்.

தாயகம் திரும்பிய அவர் 1912ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்டம் பெற்றார். டு பாய்ஸ் என்னும் பேரறிஞருக்குப் பின் அப்பட்டத்தை அங்குப் பெற்ற இரண்டாம் கறுப்பினத்தவர் அவரே. 1915ஆம் ஆண்டில் சிக்காகோவில் கறுப்பினத்தாரின் வாழ்வையும் வரலாற்றையும் ஆராயும் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தார். மறு ஆண்டின் தொடக்கத்தில் ஆய்விதழும் வெளிவந்தது. முதல் இதழுக்கு அவர் தம் சொந்தப் பணத்தையே செலவிட்டார்.

1926ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் தொடங்கிய வரலாற்று வாரமே அவர்தம் பணிகளில் தலைசிறந்தது. ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாளும் பிரெடரிக் டக்லஸின் பிறந்தநாளும் அவ்வாரத்தில் அமைந்தன. டக்லஸ் அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, நாவன்மையாலும் எழுத்தாலும் உலகை விழிக்கச் செய்தவர். அவருக்குத் தம் பிறந்தநாள் தெரியாது. அடிமைக் குழந்தையின் பிறந்தநாளை யார் குறித்து வைப்பர்? பிப்ரவரி 14ஆம் நாளைத் தாமே தேர்ந்து வைத்துக்கொண்டார். பிறந்தநாள் மறுக்கப்பட்ட ஒருவரின் பிறந்தநாளைக் கொண்டே ஓரினம் தன் வரலாற்றைக் கொண்டாடத் தொடங்கியது.

அவ்வாரத்தைக் கட்டிக் காத்தவர்கள் கறுப்பினப் பள்ளி ஆசிரியர்களே. வெள்ளையர் பள்ளிகள் கழித்த பழைய நூல்களே பல இடங்களில் அவர்தம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. அந்நூல்களில் இல்லாததை அவர்கள் கரும்பலகையில் எழுதினர்; நாடகமாக நடித்துக் காட்டச் செய்தனர். 1937ஆம் ஆண்டில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் என்றே எளிய இதழ் ஒன்றையும் உட்சன் தொடங்கினார். 1950ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவ்வாரம் 1976ஆம் ஆண்டில் ஒரு மாதமாக விரிந்தது. அவ்வாண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபோர்டும் அதனை ஏற்றுச் செய்தி விடுத்தார்.

பொம்மை காட்டிய உண்மை

அன்றாட இழிவு குழந்தையின் உள்ளத்தில் என்ன செய்கிறது என்பதை அளந்து காட்டியவர்கள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியல் அறிஞர்களாகிய கணவனும் மனைவியும் ஆவர். அவ்வாய்வுக்கு வித்திட்டது ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் மேமி எழுதிய முதுகலை ஆய்வேடு. அவர்கள் நான்கு பொம்மைகளை எடுத்துக்கொண்டனர். முகமும் உருவும் ஒன்றே. நிறம் மட்டுமே வேறு. இரண்டு வெள்ளை, இரண்டு பழுப்பு. மூன்று முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகள் 253 பேரிடம் அவற்றைக் காட்டினர். விளையாட எந்தப் பொம்மை வேண்டும்? எது நல்ல பொம்மை? எது கெட்டதாகத் தோன்றுகிறது? இவ்வாறு வினவினர்.

ஏறத்தாழ மூன்றில் இரு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையோடு விளையாட விரும்பினர். நூற்றுக்கு 59 பேர் பழுப்புப் பொம்மையே கெட்டதாகத் தோன்றுகிறது என்றனர். இறுதி வினா ஒன்று எஞ்சியிருந்தது. 'உன்னைப் போல் இருக்கும் பொம்மை எது?' சற்று முன்னர்க் கெட்டது எனத் தள்ளிய பொம்மையையே இப்பொழுது தன் உருவம் என எடுத்துக் கொடுக்க வேண்டிய நிலை. சில குழந்தைகள் அழுதனர். சிலர் அறையை விட்டே ஓடினர். பிஞ்சு உள்ளத்தில் இவ்வளவு பெரிய தீர்ப்பை எழுதியவர் யார்? எவரும் தனியே அமர்ந்து கற்பிக்கவில்லை. தெருவும் கடையும் படமும் நூலும் சேர்ந்து கற்பித்தன.

அக்காலத்தே தென் கரோலினாவின் கிளாரண்டன் வட்டாரத்தில் வெள்ளையினப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்ல 30 பேருந்துகள் இருந்தன. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. ஜோசப் டிலெய்ன் என்னும் சமய போதகரின் தூண்டுதலால் பெற்றோர் முதலில் ஒரு பேருந்தைத்தான் கேட்டனர். அதுவும் மறுக்கப்படவே, பிரிவினையையே எதிர்த்து வழக்காடினர். வழக்கில் முதலாவதாகப் பெயர் கொடுத்த ஹாரி பிரிக்ஸ் எண்ணெய் நிலைய வேலையை இழந்தார். அவர் மனைவியும் வேலையை இழந்தார். போதகரின் தேவாலயம் பின்னர்த் தீக்கிரையாயிற்று. அவ்வட்டாரத்துக் குழந்தைகள் 16 பேரிடமும் 1951ஆம் ஆண்டில் கென்னத் கிளார்க் பொம்மை ஆய்வை நடத்தி நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். அவ்வழக்கும் ஏனைய வழக்குகளும் இணைந்து 'பிரௌன் வழக்கு' எனப் புகழ்பெற்றன. 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், ஏர்ல் வாரன் தலைமையில் நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமனதாகப் பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது எனத் தீர்ப்பளித்தனர். பிரித்து வைப்பது குழந்தைகளின் உள்ளத்தில் தாழ்வுணர்ச்சியை விதைக்கிறது என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. அடிக்குறிப்பு ஒன்றில் கிளார்க்கின் ஆய்வும் சுட்டப்பட்டது.

தீர்ப்புக்குப் பின்

இவ்விடத்தே வரலாறு ஒரு கடினமான பாடத்தைப் புகட்டுகின்றது. கிளார்க் இணையரின் ஆய்வில் மற்றோர் உண்மையும் இருந்தது. பிரிவினைச் சட்டம் இல்லாத வட மாநிலத்துப் பள்ளிகளில், வெள்ளைப் பிள்ளைகளோடு கலந்து படித்த கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைப் பொம்மையையே விரும்பினர். அவ்விருப்பம் தெற்கில் இருந்ததைவிடச் சற்று மிகுந்தே காணப்பட்டது. ஆகவே சுவரை இடித்தால் மட்டும் போதாது. இடித்த சுவருக்கு அப்பாலும் தன்னைப் பற்றிய நற்சொல் ஒன்றையும் கேளாத குழந்தை எவ்வாறு தலைநிமிரும்?

தீர்ப்பு நிறைவேற்றப்பட்ட முறையும் ஒரு புதிய இழப்பைத் தந்தது. பள்ளிகளை இணைக்கும்போது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. 1954க்கும் 1965க்கும் இடையில் 17 மாநிலங்களில் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலையிழந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. பிள்ளைகள் நல்ல கட்டடத்திற்குச் சென்றனர். ஆனால் உட்சனின் வரலாற்று வாரத்தைக் கரும்பலகையில் எழுதிய கைகள் பல அங்கே இல்லாமற் போயின. பிரிவினையை ஒழித்தது நீதியே, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மாணவன் இழந்த தன்மதிப்பை மீட்டுத் தருவது நீதிமன்றத்தால் மட்டும் ஆகக்கூடிய செயலன்று என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகின்றது.

கறுப்பே அழகு என்னும் குரல்

அப்பணியை மக்களே மேற்கொண்டனர். 1962ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. குவாமே பிரெத்வெயிட் என்னும் புகைப்படக் கலைஞரும் அவர்தம் தோழர்களும் அதனை நடத்தினர். கருநிறப் பெண்கள், நீட்டி நேராக்காத தம் இயற்கைச் சுருள்முடியோடு, ஆப்பிரிக்க ஆடை அணிந்து மேடையேறினர். முடியைச் சூட்டுக் கோலாலும் மருந்தாலும் நேராக்கினால்தான் அழகு என்று எண்ணிய காலம் அது. கறுப்பே அழகு என்னும் குரல் அவ்வாறு வீதிக்கு வந்தது. 1968ஆம் ஆண்டு நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் தம் வரலாற்றைப் பாடமாக்கக் கோரி வகுப்புகளைப் புறக்கணித்தனர். மாதக்கணக்கில் நீடித்த அப்போராட்டத்தின் பயனாகக் கறுப்பின ஆய்வுத்துறை அங்கு நிலைபெற்றது.

அதே 1968ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கலவரத்தால் எரிந்த வாட்ஸ் வட்டாரத்தை ஒட்டி, ஷிந்தானா என்னும் பொம்மைத் தொழிற்கூடம் தோன்றியது. வெள்ளைப் பொம்மைக்குக் கறுப்புச் சாயம் பூசாமல், கறுப்பினக் குழந்தையின் முகத்தையே கொண்ட பொம்மையை அக்கூடம் வார்த்தது. 'பேபி நான்சி' என்பது அதன் பெயர். அத்தொழிற்கூடம் 1983ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆனால் அப்பொம்மை 2020ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய பொம்மைகள் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றது. கிளார்க்கின் ஆய்வறையில் அழுத குழந்தைகளுக்குக் காலந்தாழ்ந்து கிடைத்த விடை எனலாம்.

பெயரிலும் மாற்றம் நேர்ந்தது. 'நீக்ரோ' என்னும் சொல்லின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக அச்சிட வேண்டும் எனக் கறுப்பினத் தலைவர்கள் நெடுங்காலம் போராடினர். நியூயார்க் டைம்ஸ் நாளேடு 1930ஆம் ஆண்டில்தான் அதற்கு இசைந்தது. பின்னர் அச்சொல்லே வழக்கிழந்தது. ஒருகாலத்தில் வசைச்சொல்லாய் இருந்த 'கறுப்பர்' என்பதை 1960களின் தலைமுறை விரும்பி எடுத்துப் பெருமைப் பெயராகச் சூடிக்கொண்டது. எறியப்பட்ட கல்லையே எடுத்து அடித்தளமாக இட்டனர்.

எனினும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. இயற்கை முடியையும் பின்னல்களையும் காரணமாகக் காட்டி மாணவரையும் பணியாளரையும் ஒதுக்குதல் கூடாது எனக் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது 2019ஆம் ஆண்டில்தான். ஒரு குழந்தை தன் தலைமுடியோடு பள்ளிக்குச் செல்வதற்கும் 21ஆம் நூற்றாண்டில் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

முடிவுரை

பெருமை என்பது செருக்கன்று. செருக்கு பிறரைத் தாழ்த்தித் தன்னை உயர்த்தும். பெருமையோ எவரையும் தாழ்த்தாமல் நிமிர்ந்து நிற்கும். உட்சன் வெள்ளையரின் வரலாற்றை அழிக்க முனையவில்லை. விடுபட்ட பக்கங்களைச் சேர்க்கவே முனைந்தார். ஆண்டில் ஒரு வாரம் மட்டுமன்றி, ஆண்டு முழுவதும் அவ்வரலாறு பொதுப் பாடமாக வேண்டும் என்பதே அவர் விழைவு.

நிறம் தாயும் தந்தையும் தந்தது. அதில் குறையுமில்லை, பெருமிதம் கொள்ளத் தனிச் சிறப்புமில்லை. ஆனால் அந்நிறத்தைக் குறை என்று உலகம் கூறும்போது, அதனையே பெருமை என்று கூறுவது கடமையாகிவிடுகின்றது. ஒரு மாணவனை எப்பெயரிட்டு அழைக்கிறோம், அவன் கையில் எந்நூலைக் கொடுக்கிறோம், அவன் முகத்தை அந்நூலில் எங்கே காட்டுகிறோம் என்பவை சிறு செயல்களாகத் தோன்றலாம். நான்கு பொம்மைகளின் முன்னே நின்ற குழந்தைக்கு அவை சிறு செயல்களாக இருக்கவில்லை. ஆப்பிள் மரத்தைப் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நாவல் மரத்தைக் காட்டிய அந்த ஆசிரியரின் பெயரை உட்சன் தம் நூலில் குறிப்பிடவில்லை. ஆயினும் அவர் செய்த பணி வரலாற்றில் நின்றுவிட்டது.